மரபணு சிகிச்சை புற்றுநோயைத் தீர்க்குமா?

புற்றுநோய் என்பது அடிப்படையில் மரபணுக்களில் வரும் கோளாறு. அப்படியானால் கெட்டுப்போன மரபணுவை எடுத்துவிட்டு நல்லதை வைத்துவிட்டால் நோய் தீர்ந்தது அல்லவா? கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! 1990-ல் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அரசு அனுமதியோடு முதல் மரபணு சிகிச்சை தரப்பட்டது. அவளுக்கு இருந்தது புற்றுநோய் அல்ல, பிறவியிலேயே வந்த நோய் எதிர்ப்புக் குறைபாடு. ஆனால் அடுத்து புற்றுநோய்தான் என்று பலரும் நம்பத் தொடங்கினார்கள்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. பிறவிக் குறைபாடுகள் பலவற்றில், கொஞ்சம் செல்களைச் சரிசெய்தாலே உடல் சமாளித்துக்கொள்ளும். புற்றுநோயில் அது நடக்காது. ஒரு சிறு கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள். தப்பித்த சில செல்கள் போதும், கட்டி மறுபடி வளர்ந்துவிடும். பி53 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். செல் கெட்டுப்போனால் அதைத் தற்கொலை செய்ய வைக்கும் காவல்காரன் இது. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது பழுதாகியிருக்கும். நல்ல பி53-ஐ ஒரு வைரஸில் ஏற்றி, தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளில் ஊசியாகப் போடும் ‘ஜென்டிசின்’ மருந்துக்கு 2003-ல் சீனா அனுமதி தந்தது. அமெரிக்காவில் இதே வகை மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஊசி எட்டுகிற கட்டி என்றால் சரி. எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்ட நோயை எந்த ஊசியால் துரத்துவது?

வைரஸ் என்ற வாகனமே ஆபத்தானது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1999 செப்டம்பரில் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், வைரஸ் செலுத்திய நான்காம் நாள் இறந்துபோனார். அவருக்கு இருந்தது ஈரல் நொதிக் குறைபாடு. மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்தவர் அவர். பாரிஸில் நடந்தது இன்னும் கொடுமை. எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த பத்துக் குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை தந்தார்கள், பெரும்பாலோர் தேறினார்கள். பிறகு அவர்களில் நால்வருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, ஒரு குழந்தை இறந்தது. புது மரபணுவைச் சுமந்து போன வைரஸ், செல் வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். புற்றுநோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்த வித்தையே புற்றுநோயைக் கொடுத்தது!

அதே பிலடெல்பியாவில்தான் திருப்பமும் வந்தது. கட்டியின் மரபணுவைத் திருத்துவதற்குப் பதிலாக, நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் மரபணுவை அவற்றில் ஏற்றி, பெருக்கி, திரும்பச் செலுத்தினால் என்ன? இதுதான் கார்-டி சிகிச்சை. வெளியிலிருந்து ஒவ்வொரு செல்லையும் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. டி செல்கள் தாமே பெருகி, தாமே தேடும். கணக்குச் சிக்கலுக்கு இதைவிட அழகான விடை இதுவரை வரவில்லை.

2012 ஏப்ரலில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதைக் கொடுத்தார்கள். கீமோதெரபி கைவிட்ட இரத்தப் புற்றுநோய் அவளுக்கு. டி செல்கள் வேலையைத் தொடங்கியதும் கடும் காய்ச்சல், செயற்கை சுவாசம், நினைவிழப்பு. இரத்தத்தில் ஐஎல்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆய்வை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். ஐஎல்-6-ஐத் தடுக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று இருப்பது அதனால் அவருக்குத் தெரியும். அதைக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது, எமிலி பிழைத்தாள். நோய் திரும்பவில்லை. ஒரு தகப்பனின் வீட்டுக் கவலை இன்னொரு வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

அப்படியானால் எல்லாப் புற்றுக்கும் இதையே செய்யலாமே? எமிலிக்குக் குறிவைத்தது சிடி19 என்ற புரதத்தை. அது நல்ல பி செல்களிலும் உண்டு. அவையும் சேர்ந்து அழியும். ஆனால் பி செல் இல்லாமல் மனிதன் வாழ முடியும். நுரையீரல் இல்லாமல் முடியுமா? பெருங்குடல் புற்று பரவிய ஒரு நோயாளிக்கு, ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த டி செல்களை அமெரிக்காவில் செலுத்தியபோது ஐந்தே நாளில் அவர் இறந்தார் என்று 2010-ல் ஆய்வறிக்கை வந்தது. நுரையீரல் செல்களில் துளியளவு இருந்த ஹெர்2-ஐ அந்த டி செல்கள் எதிரியாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. திடக் கட்டிகளில் இந்தச் சிகிச்சை தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரத்தப் புற்றிலும் சிலருக்கு சிடி19-ஐ உதறிவிட்ட செல்களோடு நோய் திரும்புகிறது. அரிதாக, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு டி செல் புற்றே வரலாம் என்று 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது.

அடுத்தது விலை. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது எமிலி பெற்ற சிகிச்சையின் விலை 4,75,000 டாலர். ஐஐடி மும்பையும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023-ல் இந்திய அனுமதி பெற்றது. அப்போது அதன் விலை ஏறக்குறைய 40 லட்ச ரூபாய். பத்தில் ஒரு பங்கு என்று மகிழலாம்தான், ஆனால் வீட்டை விற்றாலும் 40 லட்சம் வராத குடும்பங்கள்தானே இங்கே அதிகம்? பணம் புரட்டினாலும் இது கடையில் வாங்கும் மருந்தல்ல. ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் செல்லை எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, வளர்த்து, திரும்பக் கொண்டுவரச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களைத் தாண்டாமலே போய்விடுகிற நோயாளிகளும் இருக்கிறார்கள்.