மூச்சுக்கும் ஒரு கணக்கு

குளிர்நாட்டு வீடொன்றின் வெப்பம் இரு வழிகளில் வெளியேறுகின்றது. சுவர், கூரை, கண்ணாடி ஆகியவற்றினூடாகக் கடத்தப்படுவது ஒன்று. வெளியேறும் காற்றோடு செல்வது மற்றொன்று. முன்னதைக் கட்டடப் பொருள்களின் இயல்பறிந்து ஓரளவு திருத்தமாகக் கணித்துவிடலாம். பின்னதே என் சிந்தனையைப் பெரிதும் கவர்ந்தது.

அதன் சூத்திரம் எளியது. ஒரு கன மீற்றர் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசினால் உயர்த்த ஏறத்தாழ 0.33 வாற்று மணி சக்தி வேண்டும். 80 சதுர மீற்றர் பரப்பும் 2.5 மீற்றர் உயரமும் உடைய வீட்டின் கனவளவு 200 கன மீற்றர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அக்காற்று முழுவதும் மாறுமெனின், மணித்தியாலத்துக்கு 100 கன மீற்றரைச் சூடாக்கல் வேண்டும். உள்வெப்பநிலைக்கும் வெளிவெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை நாள்தோறும் கூட்டிப் பெறுவது பாகைநாள். அது ஆண்டுக்கு 3000 எனக் கொண்டால், தேவை ஏறத்தாழ 2400 கிலோவாற்று மணியாகும்.

காற்று மாறும் வீதத்தை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும். ஏனைய எண்களை இயற்கையும் கட்டடமும் தருகின்றன; இவ்வெண்ணை மட்டும் மனிதனே தீர்மானிக்கின்றான். எவ்வளவு காற்று ஒருவருக்குப் போதும்? மியூனிக் நகரில் மாக்ஸ் வொன் பெற்றன்கோபர் 1858இல் இவ்வினாவுக்கு விடை தேடினார். காபனீரொட்சைட்டு 0.1 சதவீதத்தைத் தாண்டாத அறையே நல்லறை என்றார். மனித மூச்சே அவருக்கு அளவுகோலாயிற்று.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, மேல்நாட்டார் வீடுகளின் இடுக்குகளை அடைத்தனர். தாளில் தேவை குறைந்தது; ஆயின் காற்றோட்டம் குன்றிய வீடுகளில் ஈரம் தங்கிச் சுவர்களிற் பூஞ்சணம் படர்ந்தது. சேமிப்பின் விலையை அங்கு வாழ்ந்தோரின் சுவாசப்பைகள் செலுத்தின.

1991இல் ஜேர்மனியின் டாம்ஸ்ரற் நகரிற் குடிபுகப்பெற்ற வரிசை வீடுகள் வேறு வழி காட்டின. அங்கு வெளியேறும் காற்று, தான் கலவாமலே, உட்புகும் காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கையளிக்கின்றது. ஐந்தில் நான்கு பங்கு மீட்கப்படின், நமது 2400 ஏறத்தாழ 480 ஆகிவிடும். விசிறிகள் உண்ணும் மின்சாரத்தையும் கணக்கிற் சேர்த்தல் நேர்மையாகும்.

2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் ஜேர்மனிய வகுப்பறைகளின் சாளரங்கள் குளிர்காலத்திலும் திறக்கப்பட்டன. மாணவர் மேலங்கியோடு அமர்ந்து கற்றனர். வெப்பமா, தூய காற்றா என்ற வினா அன்று ஒளிவுமறைவின்றி எழுந்தது.

ஆதலின், மதிப்பீட்டைத் தொடங்குவோர் அறையின் கனவளவை அளக்குமுன் அதனுள் எத்தனை பேர் சுவாசிப்பர் என வினவுதல் வேண்டும் என்பது என் துணிபு. சிக்கனம் அதன் பின்னரே தொடங்கத்தக்கது.