சுவரில் மலர்ந்த வண்ணங்கள்

பெர்லின் மாநகரில் ஸ்பிரே ஆற்றையொட்டி 1.3 கிலோமீட்டர் நீளம் செல்லும் ஓவியச் சுவரைக் காணச் சென்றிருந்தோம். 1961-இல் எழும்பி, தாயையும் பிள்ளையையும் பிரித்த எல்லைச் சுவரின் எஞ்சிய பகுதி அது. சுவர் வீழ்ந்தபின், 1990-இல், 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் அதில் வண்ணம் தீட்டினர்.

சுவரைப் பிளந்து வெளிவரும் டிராபண்ட் காரின் எண்பலகையில் எல்லை திறந்த நாள், 1989 நவம்பர் 9, பொறிக்கப்பட்டுள்ளது. அதன்முன் புகைப்படத்துக்குச் சிரித்து நின்ற இளைஞரைக் கண்டு முதலில் மனம் நொந்தோம். குறைந்தது 140 உயிர்களைக் குடித்த எல்லையல்லவா! பின்னரே உணர்ந்தோம்: மேற்குப்புறச் சுவரில் மக்கள் அன்றே வரைந்தனர், கிழக்கு நோக்கிய இப்புறத்திலோ தூரிகை எடுக்க எவரும் துணிந்திலர். இன்று அச்சமின்றி இங்கு நின்று சிரிப்பதே ஒரு விடுதலையன்றோ?

அங்குச் செல்லும் அன்பர்கள் படம் எடுக்கட்டும். அதற்குமுன் ஒரு கணம் மௌனமாய் நிற்கட்டும்.