மேளத்தின் மேலேறிப் போகிறவர்கள்

கிசில் நகரத்துக்கு ரயில் கிடையாது. அபக்கானில் இறங்கி, சயான் மலைகளைத் தாண்டி 400 கிலோமீட்டர் காரில் உருள வேண்டும். ருஷ்யாவின் தெற்கோரம், மங்கோலியாவுக்கு அண்டை வீடு. துவா குடியரசின் தலைநகரம். காலையில் விடுதிக் கதவைத் திறந்தேன். மூக்குக்குள் ஈரம் உறைந்து முள்ளாய்க் குத்தியது. மைனஸ் 30! "இன்னிக்குப் பரவாயில்லை" என்றாள், எனக்கு மொழிபெயர்க்க வந்த கல்லூரி மாணவி.

யெனிசெய் ஆறு பாறையாக இறுகிக் கிடந்தது. கரையோரம் ஒரு மர வீடு. ஆவிகளோடு பேசும் ஷாமன்களின் மருத்துவமனை மாதிரிதான். சுவரில் கட்டண அட்டவணைகூட உண்டு! வீட்டைத் தூய்மை செய்ய இவ்வளவு, புது வண்டிக்கு ஆசி வழங்க இவ்வளவு. பெஞ்சில் போலீஸ் சீருடையில் ஒருவர் கைப்பேசியைத் தடவியபடி காத்திருந்தார். தந்தை இறந்து 49-ஆம் நாளாம். ஏழாம் நாளும் 49-ஆம் நாளும் ஷாமன் வழியாக இறந்தவரோடு பேசுவது இங்கே வழக்கம்.

என் முறை வந்தது. உள்ளே ஐம்பது வயது அம்மாள். தலையில் கழுகு இறகு, மார்பில் வெண்கலக் கண்ணாடி, முதுகெல்லாம் பாம்புபோல் துணிப் பட்டைகள். ஜூனிப்பர் தழையைக் கொளுத்தியதும் பச்சைக் காட்டின் காரமான வாசனை அறையை அடைத்தது. 41 கூழாங்கற்களை மேசையில் பரப்பிப் பிரித்தார். "முட்டி வலிக்கிறதா?" என்றார். வலித்ததுதான். அந்த மலைப்பாதையில் வந்த எவனுக்கு வலிக்காது!

பிறகு மேளம். முதல் அடியிலேயே என் வயிறு அதிர்ந்தது. எனக்கு உடுக்கைச் சத்தத்தோடு எங்கள் ஊர்ச் சாமியாடி நினைவுக்கு வந்தார். ஆனால் நம்மிடம் சாமி வந்து ஆள்மேல் இறங்கும். இங்கே ஆள் கிளம்பிப் போகிறார். அந்த மேளம்தான் அவருக்குக் குதிரை. அதில் ஏறி ஆவிகளின் உலகத்துக்குப் போய், தொலைந்த ஆன்மாவைத் தேடிக் கூட்டி வரவேண்டும். கேட்கும்போதே எனக்குக் கால் வலித்தது. அருள்வாக்கைவிட இது கடினமான உத்தியோகம்.

உயிருக்கே ஆபத்தான உத்தியோகமாகவும் இருந்திருக்கிறது. 1931 கணக்கெடுப்பில் துவாவில் 725 ஷாமன்கள். கம்யூனிச ஆட்சியின் அடக்குமுறையில் மேளங்கள் தீக்கும் அருங்காட்சியகத்துக்கும் போயின. பலர் சிறைக்குப் போனார்கள். மோங்குஷ் கெனின்-லோப்சான் என்ற அறிஞரின் பாட்டியும் அப்படிச் சிறைக்குப் போன ஷாமன்தான். பேரன் ஷாமன்களின் பாடல்களையும் கதைகளையும் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தார். சோவியத் சிதைந்ததும் ஷாமன்கள் சங்கம் வைத்து வெளியே வர அவரே முன்நின்றார். அட்டவணையைப் பார்த்துச் சிரித்த எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அம்மாள் வெளியே வந்து, ஒன்பது குழிகள் செதுக்கிய மரக்கரண்டியால் உப்புப்போட்ட பால் தேநீரை வானத்துக்கு வீசினார். காற்று திரும்பியது, தேவர்களுக்குப் போனதில் கொஞ்சம் என் சட்டையில் உறைந்தது. அதற்குள் ஒரு இளைஞன் பழைய ஜப்பான் காரோடு வந்து நின்றான். அம்மாள் இறகுத் தலையோடு அதைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினுக்கும் புகை காட்டினார். டிக்கியையும் விடவில்லை.