என்ஃபீல்டில் ஒரு நடை... ஸ்டென் கன் பிறந்த ஊர்!

காலேஜ் பார்க்கிங்ல 'டுப்... டுப்... டுப்...'னு சத்தம் கேட்டா, வர்றது யாருன்னு திரும்பிப் பார்க்காம இருக்க முடியுமா? 1955-ல் சென்னையில் கம்பெனி ஆரம்பிச்சு, திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து ஊர் ஊரா ஓடின நம்ம ராயல் என்ஃபீல்டு புல்லட்!

அந்த டேங்க்ல எழுதியிருக்கிற பேரை நின்னு யோசிச்சிருக்கீங்களா? 'என்ஃபீல்டு' ஆள் பேர் இல்லை. லண்டனின் வடகோடியில் இருக்கிற ஊர். ஆனா பைக் அங்கே பிறக்கலை. ரெட்டிச் என்ற வேறொரு ஊர்ல சைக்கிள் செஞ்சுக்கிட்டிருந்த கம்பெனிக்கு, 1890-களில் என்ஃபீல்டு அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து தரும் ஆர்டர் கிடைச்சது. அந்தப் பெருமையில்தான் 'ராயல் என்ஃபீல்டு'னு பேர் வெச்சாங்க. 'துப்பாக்கி போலத் தயாரிக்கப்பட்டது' என்று விளம்பரமும் செய்தாங்க. அவ்வளவு துல்லியமாம், அவ்வளவு உறுதியாம்!

வேடிக்கை என்னன்னா, இரண்டாம் உலகப்போரில் அந்த ஊர் பேரைச் சுமந்துக்கிட்டு உலகம் சுற்றின ஸ்டென் கன், 'துப்பாக்கி போல' செய்யப்படவே இல்லை! அது எப்படின்னு பார்க்கணும்னா அந்த ஊருக்கே போகணும். வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

பூட்டு இல்லாத லாக்

லண்டன் டோட்டன்ஹாம் ஹேல் ஸ்டேஷன்ல வடக்கே போகிற ரயிலைப் பிடிங்க. இறங்க வேண்டிய இடம் 'என்ஃபீல்டு லாக்'. லாக்னா பூட்டு இல்லை பாஸ்... கால்வாயில் தண்ணீரை ஏற்றி இறக்கி, படகை மேலேயும் கீழேயும் கொண்டுபோகிற மதகு. ஸ்டேஷனை ஒட்டிப் போகிற தெருவின் பெயரே 'ஆர்ட்னன்ஸ் ரோடு'. படைத்தளவாடச் சாலை!

கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தா லீ கால்வாய் வந்துடும். ஒல்லியான நீளப் படகுகள், வாத்துகள், கரையோரமா 'கவர்ன்மென்ட் ரோ' என்ற பழைய செங்கல் வீட்டு வரிசை. தொழிற்சாலைக்காரங்க குடியிருந்த வீடுகள் அவை. கால்வாயைத் தாண்டினா புது வீடுகள் நெருக்கமா நிற்கிற ஒரு குடியிருப்பு. நடுவுல மணிக்கூண்டு வெச்ச நீளமான பழைய கட்டடம். அதுதான் 1850-களில் கட்டின இயந்திரக்கூடம். இப்போ கடைகளும் அலுவலகங்களுமா மாறியிருக்கு.

இந்த இடத்துக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துல படிச்சோமே, 1857-ல் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டான்னு சிப்பாய்கள் கொதிச்சது... அந்தத் தோட்டா போட வேண்டிய துப்பாக்கியின் பேர் என்ஃபீல்டு! பின்னாடி நம்ம போலீஸ்காரர் தோளில் பல வருஷம் தொங்கின பாயின்ட் த்ரீ நாட் த்ரீயும் 'லீ-என்ஃபீல்டு' வம்சம்தான்.

மூணு பேர் சேர்ந்த பேர்

1940 மே கடைசி. பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் ஜெர்மன் படை நெருக்குது. 3 லட்சத்து 38 ஆயிரம் வீரர்களைக் கப்பலிலும் படகிலுமா பிரிட்டன் காப்பாற்றிக் கொண்டு வந்துடுச்சு. ஆனா ஆயுதங்கள்? பெரும்பாலும் அங்கேயே கிடக்கு! அடுத்து ஹிட்லர் கடலைத் தாண்டினா எதை வெச்சு சண்டை போடுறது?

கையடக்கமான தானியங்கித் துப்பாக்கி வேணும்னா அமெரிக்காவின் தாம்சனை வாங்கணும். விலை ஒண்ணு சுமார் 200 டாலர். கட்டுப்படியாகலை. ஜெர்மன்காரனின் எம்.பி. 28 துப்பாக்கியையே காப்பியடிச்சு 'லான்செஸ்டர்'னு ஒண்ணு செஞ்சாங்க. மரக்கட்டை, பித்தளைன்னு அழகான வேலைப்பாடு. ஆனா அதுக்கும் செலவு, நேரம் ரெண்டுமே ஜாஸ்தி.

அப்போதான் மேஜர் ரெஜினால்ட் ஷெப்பர்டும், என்ஃபீல்டின் வரைபடக்காரர் ஹரால்ட் டர்பினும் உட்கார்ந்தாங்க. அவங்க கேட்ட கேள்வி சிம்பிள். 'எதெல்லாம் இல்லாம துப்பாக்கி சுடும்?' மரக்கட்டை வேண்டாம். பாலீஷ் வேண்டாம். ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங், அழுத்தி வளைச்ச தகடுகள், பற்றவைப்பு. 1941 ஜனவரியிலேயே முதல் மாதிரி ரெடி! ஷெப்பர்டின் எஸ், டர்பினின் டி, என்ஃபீல்டின் முதல் ரெண்டு எழுத்து இ, என். அதுதான் ஸ்டென்.

விலை? சுமார் 10 டாலர். தாம்சனில் இருபதில் ஒரு பங்கு!

தையல் மெஷினும் பொம்மையும்

வடிவம் தந்தது என்ஃபீல்டு. செய்தது? அதுதான் செம மேட்டர். முதல் ரகத்தைச் செஞ்சது, நம்ம வீட்டுத் திண்ணையில் ஓடுமே, அந்த சிங்கர் தையல் மெஷின் கம்பெனி! மூணாவது ரகத்தைச் செஞ்சது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மை கம்பெனி. குழந்தைக்கு பொம்மை காரின் தகட்டை வளைச்ச அதே கைகள், துப்பாக்கித் தகட்டை வளைச்சது. சுமார் 40 லட்சம் ஸ்டென்கள் வெளியே வந்துச்சு.

வீரர்கள் முதல்ல பார்த்துட்டு சிரிச்சாங்க. 'பிளம்பர் கண்ட கெட்ட கனவு'ன்னு பட்டப்பேர் வெச்சாங்க. ஆனா நாஜிகளின் பிடியில் இருந்த நாடுகளுக்கு இது வரமாச்சு. பிரிட்டிஷ் விமானங்கள் பாராசூட்டில் இதைப் போட்டன. ஜெர்மன் தோட்டாவே இதற்குப் பொருந்தும் என்பதால், எதிரியிடம் பறிச்சதை வெச்சே எதிரியைச் சுடலாம். போலந்திலும் டென்மார்க்கிலும் ரகசியப் பட்டறைகளில் செஞ்சாங்க. கடைசியில் 1945-ல், தோற்கப்போகிற ஜெர்மனியே இதைக் காப்பியடிச்சது. என்ன காலக் கொடுமை பாருங்க!

சுடாத அந்த நொடி

இதுவரை படிச்சா சக்சஸ் ஸ்டோரி மாதிரிதானே இருக்கு? கொஞ்சம் இருங்க.

1942 மே 27, பிராக் நகரம். நாஜி அதிகாரி ஹெய்ட்ரிக்கின் திறந்த கார் ஒரு வளைவில் வேகம் குறையுது. யோசெஃப் காப்சிக் என்ற ஸ்லோவாக் வீரர் முன்னால் பாய்ந்து ஸ்டென்னை நீட்டி விசையை அழுத்துகிறார். சுடலை! மாசக்கணக்கான திட்டம், உயிரைப் பணயம் வெச்ச பயணம், எல்லாம் அந்த ஒரு நொடியில் தொங்குது. கூட வந்த யான் குபிஷ் குண்டை வீசினதால்தான் காரியம் நடந்தது. ஜூன் 4-ல் ஹெய்ட்ரிக் இறந்தார். அதுக்குப் பழிவாங்க, லிடிட்சே என்ற கிராமத்தில் 173 ஆண்களை ஒரே நாளில் சுட்டுக் கொன்னாங்க நாஜிகள். காப்சிக்கும் குபிஷும் அந்த ஜூன் மாசத்தைத் தாண்டலை.

ஸ்டென் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கீழே போட்டா தானாகவே வெடிச்சு சொந்த ஆளையே கொல்லும். சிக்கலுக்கு முக்கியமான காரணம் எது தெரியுமா? குழாயோ, தகடோ இல்லை. தோட்டாப் பெட்டி. அதாவது மேகஸின். அதில் தோட்டாக்கள் ரெண்டு வரிசையா நின்னு, வாய்கிட்ட ஒரே வரிசையா சேரணும். காலையில எட்டு மணி பஸ்ஸில் மொத்தக் கூட்டமும் ஒரே படிக்கட்டில் முண்டியடிச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான்! 32 தோட்டா பிடிக்கிற பெட்டியில், சிக்காம இருக்கணும்னு வீரர்கள் ரெண்டு மூணைக் குறைச்சே போட்டாங்க.

இந்த மேகஸின் எங்கிருந்து வந்தது? எம்.பி. 28-ல் இருந்து லான்செஸ்டருக்கு, அங்கிருந்து அப்படியே ஸ்டென்னுக்கு! துணிஞ்சு குறைச்ச பாகங்கள் பலது ஒழுங்கா வேலை செஞ்சது. யோசிக்காம காப்பியடிச்ச ஒண்ணுதான் காலை வாரிச்சு.

இதைச் சரிசெஞ்சவர் ஜார்ஜ் பேட்செட். வளைந்த வடிவத்தில், உள்ளே சிறு உருளைகள் வெச்சுப் புது மேகஸின் செஞ்சார். அவருடைய துப்பாக்கிதான் 1953-ல் ஸ்டென்னுக்குப் பதிலா பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற ஸ்டெர்லிங். நம்ம கான்பூர் தொழிற்சாலையிலும் அது 'கார்பைன்' என்ற பேரில் தயாரானது.

மணிக்கூண்டு அடியில்...

என்ஃபீல்டு தொழிற்சாலையை 1988-ல் மூடிட்டாங்க. சாயங்காலம் அந்த மணிக்கூண்டு பக்கம் நின்னா, சைக்கிள் ஓட்டுகிற பசங்க, கடையில் பால் வாங்கிட்டுப் போற அம்மாக்கள்... உலகமெங்கும் ஆட்களைச் சாய்ச்ச துப்பாக்கிகளின் ஊர் இதுதானான்னு சந்தேகமே வந்துடும்.

இன்ஜினீயரிங் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன விஷயம். நாளைக்கு புராஜெக்ட் கடைசி நாள்னா நாமும் ஷெப்பர்டும் டர்பினும்தான். பளபளப்பைக் குறைக்கலாம், அட்டையைக் குறைக்கலாம், தப்பே இல்லை. ஆனா சீனியர் புராஜெக்ட்ல இருந்து 'அப்படியே' எடுத்து ஒட்டினோமே ஒரு பாகம்... அதை ஒருமுறை திறந்து பார்த்துடுங்க. ஏன்னா, நம்ம பொருளை நம்பி எங்கேயோ ஒருத்தர் ஒரு வளைவில் நிற்பார். அவருக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு நொடி!