அட்டையில் இல்லாத பெயர்

சென்ற கோடை விடுமுறையில், பிள்ளைப்பாக்கத்திலுள்ள எம் இல்லத்தில் பாட்டியாரின் தகரப் பெட்டியை யாம் துடைத்துக்கொண்டிருந்தபொழுது, பழைய படத் தபாலட்டை ஒன்று கைக்கு எட்டிற்று. அதனை அனுப்பியவர் பாட்டியாரின் சிற்றப்பனார். வறுமை துரத்த 1942-இல் பட்டாளஞ் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி பெற்று, பர்மாப் போருக்குச் சென்று மீளாதவர். எம் வீட்டில் அவர்க்குப் 'பட்டாளத்துத் தாத்தா' என்பதே பெயர்.

அட்டையிலுள்ள படம், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் நிற்கும், மேல்நோக்கிக் கூம்பிய நினைவுத்தூண். 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஆங்கிலப் படை அக்கோட்டை மதிலைத் தகர்த்துப் புகுந்தது. திப்பு சுல்தான் பொருது வீழ்ந்தார். அம்முற்றுகையின் நினைவாக மைசூர் அரசாங்கம் 1907-இல் இத்தூணை எடுப்பித்தது. மாண்ட ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. அப்படையிற் சென்ற சென்னை இராசதானிச் சிப்பாய்கள் பல்லாயிரவர். அவருள் மாண்டார் பெயரை ஆண்டுக் காண்டற்கில்லை. கோட்டையைக் காத்து மடிந்தோர் பெயரும் இல்லை.

இஃது எங்கோ நிகழ்ந்த செய்தியென ஒதுக்கற்பாலதன்று. எம் மாவட்டத்திலேயே, காஞ்சிக்கு அண்மையதாகிய புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10-இல் மைசூர்ப் படை ஆங்கிலப் படையொன்றை முறியடித்தது. அதன் தலைவர் கர்னல் பெய்லி சிறைப்பட்டு, 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். அவர்க்கும் ஆண்டு ஒரு நினைவு மண்டபம் உண்டு. அவர்பின் சென்று மடிந்த சிப்பாய்களுக்கோ புள்ளலூர் வயல்களே கல்லறை.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எமக்கு, இவ்விடத்து நடுகல் நினைவிற்கு வந்தது. வீரர்க்கு உரிய கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு துறைகளைத் தொல்காப்பியம் வகுக்கின்றது. செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமை நிரை காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பானொடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயின் உருவத்தையும் அக்கல்லிற் செதுக்கி, கோவிவன் என அதன் பெயரையும் பொறித்துள்ளனர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன்னர் ஒரு நாய்க்குக் கிட்டிய பேறு, 1907-இல் ஒரு சிப்பாய்க்குக் கிட்டவில்லையே என்று எம் நெஞ்சம் கொதித்தது.

கொதித்த நெஞ்சோடு அட்டையைத் திருப்பினோம். தாம் நலமென்று எழுதி, மழை பெய்து ஏரி நிரம்பியதா, சிவலை எருது ஏருக்குப் பழகியதா என்று வினவியிருந்தார். கையொப்பமிருந்த மூலையைச் செல் அரித்திருந்தது.

"பாட்டி, தாத்தாவின் பெயர் என்ன?" என்றோம்.

"நான் பிறக்கும் முன்பே போய்விட்டார், கண்ணு. பட்டாளத்துச் சித்தப்பா என்றுதானே எல்லாரும் சொல்வோம்" என்றார்.

எம் தந்தையாரும் அறியார். அதுகாறும் தூண் எடுத்தாரைக் குறைகூறிய எம் நா அடங்கிற்று. அவர்கள் செய்த பிழையையே, குருதியால் உறவுடைய யாமும் செய்திருந்தோம். படத்தைப் போற்றி வைத்தோம், பெயரைப் போக்கடித்தோம்.

மறுநாள் ஆலயத்துக்குச் சென்று கேட்டபொழுது, ஆயர் ஐயா பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். இரண்டு நாள் தேடினோம். பாட்டியாரின் தந்தையார் பெயருக்கு நான்கு ஆண்டுகள் பின்னர், அதே பெற்றோரின் மகனாக அவர் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதனைப் பாட்டியாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் மும்முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தாத்தா உழுத வயலிருந்த பக்கத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. கல் நட்டற்கு அங்கு இடமில்லை. ஆதலின் கல்லறைத் தோட்டத்தில், அவர் அன்னையாரின் கல்லிலேயே அவர் பெயரையும் வெட்டுவித்தோம். அட்டையிலும், செல்லரித்த மூலையின் அருகே, மையால் எழுதி வைத்தோம்.

அன்பர்களே! நும் இல்லத்துப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெயரறிந்த முதியோர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.