அத்தாவின் காரும் ஓர் எண்ணெய்க் கசிவும்



உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய கார் நிற்கிறது. பஜ்ருத் தொழுகைக்குப் புறப்படும்போதெல்லாம் அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் உங்கள் கண்ணில் படுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பதினோர் ஆண்டுகள் அதன் மேல் மணலைத் தூவிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது 1988ஆம் ஆண்டின் அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. ஜவ்வரிசி வியாபாரத்தில் இருந்த என் அத்தா, அயோத்தியாப்பட்டணத்துக்கும் ஆத்தூருக்கும் ஓயாமல் அலைந்த காலத்தில் வாங்கியது. உத்தரபாராவில் அந்தக் கார்களின் உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில். அதே ஆண்டில் அத்தாவும் மவ்த்தானார்கள். வீட்டையும் கடையையும் முறைப்படி பாகம் பிரித்தோம். கார் மட்டும் நின்றுவிட்டது. "எண்ணெய் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்துவிட்டு விற்றால் நல்ல விலை வரும், பிறகு பிரித்துக்கொள்வோம்" என்று தங்கைகள் இருவரிடமும் சொன்னேன். அவர்களும் தலையசைத்தார்கள்.

ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவர், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டு நிற்பதைக் கண்டு, "பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது பாய். எஞ்சினை இறக்கவேண்டும், முப்பதாயிரம் ஆகும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன்: அந்தத் தொகை எனக்கு வருத்தத்தைவிட நிம்மதியையே தந்தது. செலவு பெரிது, ஆகவே பிறகு பார்க்கலாம். பிறகு பார்க்கலாம், ஆகவே இப்போது விற்கவேண்டியதில்லை. வண்டியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜும்ஆவுக்கு அதில்தான் போவேன். பள்ளிவாசல் வாசலில் நான் நிறுத்தி எடுத்த இடத்தில், யாரும் வழுக்கிவிடக் கூடாதே என்று மோதினார் மரத்தூள் போடுவார். அவர் ஒரு நாளும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

இந்த ஆண்டு ஷஅபான் மாதத்தில் இளைய தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக, "அண்ணே, ஒரு முப்பதாயிரம் கடனாகக் கிடைக்குமா? ஆறு மாதத்தில் திருப்பிவிடுகிறேன்" என்றாள். காரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவளுக்குரிய பங்கு என் முற்றத்தில் நின்றுகொண்டிருக்க, அவள் என்னிடம் கடன் கேட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுவாரமே, திருமணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் வாழப்பாடிக்காரர் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். என் மகன் உடனே ஒரு வழி கூறினான். "எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவோம் அத்தா. கெட்டியான எண்ணெயை ஊற்றுவோம். அவர் வருவதற்குச் சற்று முன்பு சுத்தமான தரைக்கு வண்டியை நகர்த்திவிட்டால் ஒரு சொட்டும் தெரியாது. எல்லாரும் செய்வதுதானே!" பிள்ளை கெட்டவன் அல்லன், சந்தை கற்றுக்கொடுத்ததைச் சொன்னான். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கை நுழைத்து, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நம் நபி (ஸல்) அவர்களின் நிகழ்ச்சியை அவனுக்கு நினைவூட்டினேன். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த நிகழ்ச்சியை மதரஸாவில் படித்தவன்தான். நனைந்த தானியம் எஞ்சினுக்குள்ளும் இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. எனக்கு மட்டும் தோன்றியிருந்ததா என்ன?

அத்தா காலத்து மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், பட்டறையை மூடிவிட்டவர். அவரைப் போய் அழைத்து வந்தேன். அன்று அவர் செய்ததை விரிவாகவே சொல்கிறேன். உங்களில் யாரிடமேனும் பழைய வண்டி இருந்தால் பயன்படும்.

வந்தவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. "ஒரு பெரிய அட்டை கொடுங்கள்" என்றார். குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டையை விரித்து வண்டியின் அடியில் போட்டு, நான்கு சக்கரங்களின் இடத்தையும் அதில் குறித்தார். விடியும் வரை அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். காலையில் அட்டையில் மூன்று கறைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலில் தொட்டு முகர்ந்தார். எஞ்சின் எண்ணெயானால் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் எண்ணெய் கெட்டியாக, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நெடியோடு இருக்கும். பிரேக் எண்ணெய் மெல்லியது. அது சொட்டினால் வண்டியை அசைக்கவே கூடாது. எங்கள் அட்டையில் இருந்தவை மூன்றும் எஞ்சின் எண்ணெய்தான்.

"சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு" என்றார். எஞ்சினின் மேற்பகுதியில் கசியும் எண்ணெய் தன் எடையால் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே எங்கே கசிந்தாலும் கடைசியில் அது வந்து சேருவது எஞ்சினின் பின்பக்கத்துத் தாழ்ந்த மூலைதான். சொட்டைப் பார்த்து நோயைச் சொன்னால், கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பெயர்ப்பது போலாகும்.

பிறகு டீசலும் பிரஷ்ஷும் கொண்டு எஞ்சின் முழுவதையும் அழுக்குப் போகக் கழுவித் துடைத்தோம். நன்றாகக் காய்ந்ததும் "முகப்பவுடர் இருக்கிறதா?" என்று கேட்டார். என் மனைவியின் பவுடர் டப்பா அன்றைக்குக் காலியாயிற்று. அதற்கு நான் பின்னர் பதில் சொல்லவேண்டி வந்தது. விசிறி, பெல்ட், சூடான புகைப்போக்கிக் குழாய் ஆகியவற்றை விட்டு, பேக்கிங் உள்ள இடங்களில் எல்லாம் பவுடரைத் தூவினார். எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினோம். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது, மேனிஃபோல்டுக்குக் கீழே, கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் இருக்கும் இரண்டு சைடு கவர்களில், முன்னதன் விளிம்பிலிருந்து வெள்ளைப் பவுடரின் ஊடே ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. மேலே டேப்பட் கவரின் பின்மூலையிலும் சிறிது ஈரம் தெரிந்தது.

அத்தோடு அவர் விடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னார். அடுப்பு ஊதியதைப்போலப் புகையும் காற்றும் குப்பென்று மேலெழுந்தன. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிவாயு சிறிதளவு கீழே இறங்குவது எந்த எஞ்சினிலும் உண்டு. அது வெளியேறுவதற்கென்றே சைடு கவரிலிருந்து ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. எங்கள் வண்டியில் அந்தக் குழாய், பல ஆண்டுக் கசடு இறுகித் தார்போல் அடைத்துக் கிடந்தது. வெளியேற வழியில்லாத காற்று, எண்ணெயைக் கிடைத்த இடுக்கில் எல்லாம் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. "குழாயை அடைத்து வைத்துக்கொண்டு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது" என்றார். அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது அரைமணி நேர வேலை. பதினோர் ஆண்டுகளில் நான் அதைத் தொட்டதில்லை. குற்றம் காரினுடையது அன்று.

கார்க் பேக்கிங்குகளும் வாஷர்களுமாக அறுநூற்றைம்பது ரூபாய் ஆயிற்று. பழைய கார்க், அப்பளம்போல் நொறுங்கி வந்தது. சைடு கவர் ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது நடுவே ஒரே ஒரு போல்ட். கசிகிறதே என்று யாரோ அதை முன்பு வலிந்து முறுக்கியதில் தகடே வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்து, மரச்சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தினார். போல்ட்டை இறுக்கும்போது, "கார்க் படிந்தால் போதும், நசுங்கக் கூடாது" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கேட்ட கூலி ஆயிரம். நான் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு. கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் அடைத்து, அதை வாங்குபவரிடம் சேர்ப்பித்தோம். நம் ஊர்க் கிணறுகளின் நிலைமை நீங்கள் அறிந்ததுதானே.

வாழப்பாடி வரை ஓட்டிப் போய்வந்து, புதிய அட்டையைப் போட்டோம். காலையில் பார்த்தால் இரண்டே சொட்டு, பின்பக்கத்தில். என் முகம் வாடியதைக் கண்டு பெரியவர் சிரித்தார். இந்த 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரோடு வந்த பழைய அமைப்பு. இதன் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டிலேயே திருகுமரைபோல் வெட்டியிருக்கும் சுருள், சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றபின் ஓரிரு சொட்டு வருவது அதன் இயல்பு. இல்லாத சீலை மாற்றுவதற்குத்தான் நான் முப்பதாயிரத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்!

வாழப்பாடிக்காரர் வந்தபோது இரண்டு அட்டைகளையும் அவர்முன் விரித்துவைத்தேன். எது எதனால் வந்தது, எது இனியும் வரும் என்பதைச் சொன்னேன். அவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இரண்டு சொட்டுக்குப் பத்தாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள் பாய்" என்றார். ஒரு லட்சத்து எழுபதாயிரம் சொல்லியிருந்தேன். ஒரு லட்சத்து அறுபதுக்கு முடிந்தது.

பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹஜ்ரத் அவர்களிடம் போனேன். அந்நிஸா அத்தியாயம் வகுத்தபடி அம்மாவுக்கு எட்டில் ஒன்று, இருபதாயிரம். எஞ்சிய ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் எனக்கு எழுபது, தங்கைகளுக்கு முப்பத்தைந்து முப்பத்தைந்து. கணக்கு எளிது. பழுதுபார்த்த செலவைக் கழிக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன், நா எழவில்லை. ஹஜ்ரத்தே கேட்டார்: "பதினோர் ஆண்டு ஓட்டினீர்களே, அதற்கு அம்மாவும் தங்கைமாரும் சம்மதித்திருந்தார்களா?" அவர்கள் மறுக்கவில்லை என்றேன். "மறுக்காததைக் கேட்கவில்லை" என்றார்.

அன்றே மூவரிடமும் கேட்டேன். அம்மா என் தலையைத் தடவினார்கள். மூத்த தங்கை, "ஹலாலாக்கிவிட்டேன், இதற்கா அண்ணே இவ்வளவு?" என்று சிரித்தாள். இளையவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கேட்டால் கொடுத்திருப்பீர்கள் என்று தெரியும் அண்ணே. கேட்கத்தான் வாய் வரவில்லை" என்றாள். அதன்பின்தான் அவளும் ஹலாலாக்கினாள். அவள் மகனின் கட்டணம் அந்த வாரமே கட்டப்பட்டது. கடனாக அல்ல.

சென்ற வாரம் வாழப்பாடிக்காரர் அழைத்தார். மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்றுக்கு ஆத்தூர் வரை போய்வந்ததாம் வண்டி. சைடு கவர் பேக்கிங் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அன்று ஒரு ஜோடி கூடுதலாகவே வாங்கி வைத்திருந்தேன். அதைப் பேருந்தில் கொடுத்தனுப்பினேன்.