மாதத்தில் எழுநூற்றுச் சொச்சம் மணி நேரம்

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் படுக்கையில் கிடப்பவரின் குதிகாலுக்குத்தான் போகும். “நல்லாத்தான் இருக்கேன் தாயி” என்று வாய் சொல்லிவிடும். வந்தவளைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளதைச் சொல்வது குதிகாலும், முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கும் இடமும்தான். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. தோல் கிழியாமலே உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கும். கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுகியோ இருந்தால், அன்றைக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகும்.

சிவகங்கைப் பக்கம் ஒரு வட்டாரத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் நான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவதைப் பலரும் அறிவார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் செவிலியரும், பக்கவாதக்காரருக்குப் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருவதும், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான திரவப் பை தருவதும் இதே திட்டத்தில்தான். எந்த வீட்டின் பின்கட்டில் யார் கிடக்கிறார் என்பது சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த எங்கள் தன்னார்வலப் பெண்களுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று பூட்டிவைத்த கதவுகளைத் திறந்தவர்கள் அவர்கள்.

கண்மாய்க்கரைத் தெருவில் ஓர் அப்பத்தா. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகன் திருப்பூரில். மருமகள்தான் எல்லாம். நான் முதன்முதலில் போனபோது வால் எலும்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புண். அந்த மருமகள் ஒன்றும் செய்யாமல் விடவில்லை. சிவந்த இடத்தில் தேங்காயெண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறாள். புண் படுக்கையில் படக் கூடாதென்று, தண்ணீர்க் குடம் சுமக்கும் சும்மாட்டைப் போலப் பழந்துணியைச் சுருட்டி வளையமாக அடியில் வைத்திருக்கிறாள். அன்பாகச் செய்த காரியம் இரண்டும். இரண்டுமே கெடுதல். தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிய சதை மேலும் நசுங்கும். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு வரும் ரத்தத்தை நிறுத்திவிடும்.

அதை அவளிடம் சொல்லாமல், புண்ணைக் கழுவி டிரெஸ்ஸிங் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறையும் அதையே செய்தேன். சுத்தமாகச் செய்தேன், ஆனாலும் புண் ஆழமாகிக்கொண்டே போனது. இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. பெரிய மருத்துவமனை வார்டில் கற்ற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை: நோயாளி என்னுடையவர், புண் என்னுடையது என்ற எண்ணம். வார்டில் அது சரி, எனக்குப் பிறகு அடுத்த ஷிப்ட் செவிலியர் வருவார். வீட்டில் எனக்கு அடுத்த ஷிப்ட் அந்த மருமகள். மாதத்துக்கு 720 மணி நேரம். நான் இரண்டு தடவை போனால் மொத்தமாக இரண்டு மணி நேரம் இருப்பேன். மீதி 718-ம் அவளுடையது.

மூன்றாம் முறை டிரெஸ்ஸிங் சாமானை ஓரமாக வைத்துவிட்டு அவளைக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்தேன். பழைய வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அப்பத்தாவின் அடியில் விரித்தோம். ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும், வேட்டியைப் பிடித்தால் உடம்பு தானாக வரும். முழங்காலை மடக்கி, கையை நெஞ்சின்மேல் வைத்து, தன் பக்கமாக உருட்டச் சொன்னேன். விழுந்துபோன கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, தோள் மூட்டு கழன்றுவிடும். முழுப் பக்கவாட்டில் விட்டால் இடுப்பெலும்பு அழுந்தும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சாய்வாக நிறுத்த வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தோம். அவள் விரலை விட்டுப் பார்த்தாள், குதிகால் பாயில் படவில்லை. “இம்புட்டுத்தானா சிஸ்டர்!” என்றாள். இம்புட்டுத்தான். ஆனால் இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரியும்.

புண் கழுவ உப்புத் தண்ணீரும் சொல்லிக்கொடுத்தேன். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு சிறு கரண்டி உப்புப் போட்டு, ஆறிய பிறகு கழுவ வேண்டும். நாற்றத்துக்கு டாக்டர் சொன்னபடி மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. நாற்றம் வந்ததும் அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நாற்றம் போன வாரம், எதிர்வீட்டுக் கிழவி வந்து அப்பத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். அப்பத்தாவின் முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்கும், அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது.

புண் மூட நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஒரு நாள் மருமகள் தலைசுற்றி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிரஷர் பார்த்தேன்: 160-க்கு 100. அத்தனை மாதமாகப் பை நிறைய பிரஷர் மாத்திரையோடு அவளைத் தாண்டித் தாண்டித்தான் நான் உள்ளே போயிருக்கிறேன். என் பதிவேட்டில் நோயாளிக்கு எத்தனையோ கட்டங்கள்; அவளுக்கு ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பார்த்துக்கொள்பவருக்கும் பிரஷர் பார்க்கிறேன், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கிறேன். ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன்.

பார்த்துக்கொள்பவரின் சுமையை ஊரே பகிர்ந்துகொள்வதை நமக்குப் பக்கத்திலேயே கேரளம் செய்து காட்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியவர்கள் தொடங்கிய சிறு வலிநிவாரணக் கிளினிக், பிறகு ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பும் வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாக ஏற்று உள்ளாட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது. முறை வைத்து ஓர் ஆள் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், பார்த்துக்கொள்கிறவள் குளித்துச் சாப்பிட்டுக் கடைக்குப் போய் வருவாள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்த மாத்திரையும் ஈடாகாது என்பது என் அனுபவம்.

இங்கே முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்புத் தொகை அதே ஆண்டு ஜனவரியில் 2,000 ரூபாய் ஆனது. வீட்டில் டயபர் வாங்குகிறவர்களைக் கேட்டால் அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்வார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு எங்கள் திட்டத்துக்கு விருது கொடுத்தபோது மனம் நிறைந்தது. அந்த நிறைவோடேயே கேட்கிறேன்: பதிவேட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு கட்டம் வேண்டும். வட்டாரத்துக்கு நான்கு கட்டிலாவது ஒதுக்கி, வருடத்தில் ஒரு வாரம் நோயாளியை நாங்கள் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தூங்க அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது படுக்கையில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தன்னார்வலரிடமோ சொல்லுங்கள். நாங்கள் வருவதற்குக் காசு கிடையாது. நாங்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று ராத்திரி படுக்கும் முன் அவரை ஒருக்களித்து, வால் எலும்பையும் இரண்டு குதிகால்களையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.